வயலின் காணாமல் போனது தொடர்பாக

இசைப் பத்திரிகையின் மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் தங்கள் அலுவலக நண்பர்களும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் அவ்வளவு நலமில்லை. சென்ற இதழில் தாங்கள் வெளியிட்ட 'வீட்டிலேயே ஒலிப்பதிவு செய்யலாம்' என்ற கட்டுரைதான் அதற்குக் காரணம் என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

நான் எடை அளவு ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். கடை கடையாகப் போய்த் தராசு நேராக நிற்கிறதா என்று பார்த்ததே என் பிழைப்பு. ஞாயிறு மாலைகளில் என் மனைவி வயலின் வாசிப்பாள், அவள் தம்பி புல்லாங்குழல், நான் கிட்டார். வெளியூரில் இருக்கும் மகள் போனில், "அம்மா வாசிச்சுக் கேட்டு ரொம்ப நாளாச்சுப்பா. அம்மா போட்ட அந்த மெட்டை ரெக்கார்ட் பண்ணி அனுப்புங்களேன்" என்று கேட்டாள். கேட்டது அம்மாவைத்தான். ஆனால் மூன்று பேர் வாசிக்கும் வீட்டில் ஒருவரை மட்டும் பதிவு செய்வது நியாயமில்லை என்று நான் முடிவு செய்தேன்.

எதிரொலி வராமலிருக்கப் போர்வைகளைத் தொங்கவிடுங்கள் என்று கட்டுரை சொன்னது. வீட்டிலுள்ள போர்வைகளையெல்லாம் சுவரில் தொங்கவிட்டு, மெத்தையைத் தூக்கிக் கதவில் சாய்த்து, மின்விசிறியை நிறுத்தி, ஃப்ரிட்ஜ் உறுமுகிறதே என்று அதன் பிளக்கையும் பிடுங்கிவிட்டு, மனைவியைத் துணி அலமாரியைத் திறந்து அதன் முன்னால் உட்காரவைத்து வாசிக்கச் சொன்னேன். துணி சத்தத்தை உறிஞ்சுமாம். அவள் வேர்த்து விறுவிறுத்து வாசித்துக்கொண்டிருக்கும்போது மெத்தை சரிந்து மைத்துனர் மேல் விழுந்தது. பதிவு கெட்டுவிடும் என்று அவர் மெத்தைக்கு அடியில் மூச்சுவிடாமல் கிடந்தார். அந்த மூச்சையெல்லாம் சேர்த்துவைத்துத் தன் முறை வந்தபோது விட்டார் போலிருக்கிறது, அவர் பதிவில் குழல் பாதி, மூச்சு பாதி. மைக்கைத் தள்ளி வையுங்கள் என்றது கட்டுரை. தள்ளி வைத்ததில் மேல்வீட்டுத் தையல்காரரின் மெஷினும் பாட்டில் சேர்ந்துகொண்டது. தாளம் தப்பாமல் சேர்ந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஃப்ரிட்ஜுக்கு மறுபடி பிளக் போட மறந்ததையும் மறுநாள் பால் திரிந்ததையும் பற்றி நான் எழுதப்போவதில்லை, வீட்டில் பேசியதே போதும்.

அடுத்தது மிக்ஸிங். தனித்தனியாகப் பதிந்த மூன்றையும் கணினியில் ஒன்றுசேர்த்து, எது எவ்வளவு கேட்க வேண்டுமோ அவ்வளவுக்கு ஏற்றி இறக்குவது. ஒவ்வொரு வாத்தியத்துக்கும் திரையில் ஒரு பச்சைக் கோடு ஏறி இறங்கும். எனக்கு இது புது வேலையே அல்ல. மூன்று கோடும் ஒரே உயரத்துக்கு வரும்வரை சரி செய்தேன். பாரபட்சம் கிடையாது. போட்டுக் காட்டினால் மனைவி, "வயலின் அமுங்கிப் போச்சே" என்றாள். ஏற்றினேன். ஒருவருக்கு ஏற்றினால் மற்றவருக்கும் ஏற்ற வேண்டும் இல்லையா? குழலையும் ஏற்றினேன், கிட்டாரையும் ஏற்றினேன். "இப்பவும் அமுங்கித்தான் இருக்கு" என்றாள். மறுபடி மூன்றையும் ஏற்றினேன். கோடெல்லாம் சிவந்து, பாட்டு தகர டப்பாவை உருட்டுகிற மாதிரி ஆகிவிட்டது.

ஒவ்வொரு வாத்தியத்துக்கும் ஓர் இடம் கொடுங்கள், ஒன்றை இடது பக்கமும் ஒன்றை வலது பக்கமும் தள்ளுங்கள் என்று கட்டுரையாளர் அடுத்த பத்தியில் எழுதியிருந்தார். மனைவியை முழுக்க இடது பக்கம் தள்ளினேன், மைத்துனரை வலது பக்கம். யாராவது ஒருவர் நடுவில் இருந்தாக வேண்டும் என்பதால் நான் இருந்தேன். காரிலும் போட்டுக் கேளுங்கள் என்று அவரே சொல்லியிருந்ததால் மூவரும் கீழே போய்க் காரில் உட்கார்ந்தோம். பாட்டு ஓடி முடிந்தது. பின்சீட்டிலிருந்து மனைவி கேட்டாள்.

"நான் எங்க?"

"நீ இடது பக்கம்."

"இடது பக்கம் எங்க?"

மைத்துனர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "மாமா, இந்தக் கார்ல இடது பக்க ஸ்பீக்கரெல்லாம் போய் எவ்ளோ நாளாச்சு" என்றார்.

அவள் கதவைத் திறந்து இறங்கி மாடியேறிப் போய்விட்டாள். வயலினைப் பெட்டியில் வைத்து, பெட்டியை அலமாரி உச்சியில் ஏற்றிவிட்டாள். "நான் வாசிச்சாலும் ஒண்ணுதான், வாசிக்கலைன்னாலும் ஒண்ணுதான். நீங்க ரெண்டு பேரும் வாசிங்க" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் சமாளித்திருப்பேன், சாதாரணமாகச் சொன்னாள். அதன் பிறகு ஞாயிறுகள் வந்து போகின்றன. மகள் போன் செய்தால் நான் குளிக்கப் போய்விடுகிறேன். எனக்கு மனசே சரியில்லை ஆசிரியர் அவர்களே. அவள் வாசிக்காத வீட்டில் நான் கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு என்ன செய்வது?

ஆகவே, கட்டுரை தவறு என்று அடுத்த இதழில் தாங்கள் அறிவிக்க வேண்டும். அதை மனைவியிடம் காட்டி ஒருவாறு பேசிப் பார்ப்பேன். என்னைக் கேட்டால் குற்றவாளிகள் இருவர்தான், மைத்துனரின் குழலும் தங்கள் கட்டுரையாளரும். கிட்டார் பதிவில் ஒரு குறையும் சொல்ல முடியாது. தாங்களே கேட்டுத் தீர்ப்புச் சொல்ல வசதியாக ஒலிப்பதிவையும் இத்துடன் அனுப்புகிறேன்.

தங்கள் பத்திரிகை பல்லாண்டு வளரவும், தங்கள் குடும்பத்தில் எல்லோரும் ஒருவரோடொருவர் பேசிக்கொண்டிருக்கவும் வாழ்த்தும்,

ஒரு பழைய சந்தாதாரர்,
எடை அளவு ஆய்வாளர் (ஓய்வு)

பி.கு.: மேலே கண்டதைத் தயவுசெய்து பிரசுரிக்க வேண்டாம். வயலினை அமுக்குவது குழல்தான் என்று தங்களுக்கு நிரூபிப்பதற்காக ஒவ்வொன்றாக நிறுத்திக் கேட்டேன். குழலை நிறுத்தினேன், வயலின் அமுங்கியேதான் இருந்தது. குழலைத் திரும்பப் போட்டுவிட்டு, ஒப்புக்குக் கிட்டாரையும் நிறுத்திப் பார்த்தேன். வயலின் வந்துவிட்டது. இத்தனை அழகாக வாசித்திருக்கிறாள் என்று எனக்கு இப்போதுதான் தெரியும், கண் கலங்கிவிட்டது. கிட்டாரைப் போட்டால் போய்விடுகிறது, எடுத்தால் வந்துவிடுகிறது. எத்தனை தடவை சோதித்தாலும் அப்படித்தான். கிட்டார் இல்லாமலேயே மகளுக்கு அனுப்பிவிட்டு, இருவரையும் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினேன். மனைவி கடைசிவரை கேட்டாள். "இப்பதான் எல்லாம் கேக்குது. என்ன பண்ணீங்க?" என்றாள். "சும்மா, லேசா சரி பண்ணேன்" என்றேன். அவள் ஸ்டூலைப் போட்டு வயலின் பெட்டியை இறக்கினாள். மைத்துனர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மாமா, தப்பா நினைக்காதீங்க, உங்க கிட்டாரும் இன்னைக்குத்தான் பாட்டோட ஒட்டி வருது" என்றார். நன்றி சொன்னேன்.