கை நுழையாத ஆறு தூண்கள்

இரும்புக் கட்டடங்களை வரைந்தே பத்தொன்பது வருடம் சோறு சாப்பிட்டவன் நான். அந்தப் பத்தொன்பது வருடத்தில் ஒரு நட்டைக்கூட என் கையால் முடுக்கியதில்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

கட்டப்போகும் கட்டடத்தைக் கம்ப்யூட்டருக்குள் முப்பரிமாணத்தில் கட்டிப் பார்ப்பது என் வேலை. எந்தத் தூண் எவ்வளவு உயரம், எந்த போல்ட் எங்கே என்று எல்லாம் அதற்குள் இருக்கும். அதிலிருந்து எடுக்கிற படத்தைப் பார்த்துத்தான் பட்டறையில் வெட்டுவார்கள். தருமபுரியில் மாடி அறையில் உட்கார்ந்துகொண்டு, பார்த்தே இராத வெளிநாட்டு ஊர்களுக்குக் கிடங்கு கட்டிக் கொடுத்திருக்கிறேன். (மேலே சட்டை, கீழே கைலி. வீடியோ மீட்டிங்கில் எழுந்து நிற்கச் சொன்னால்தான் சிக்கல்.) என் படத்தில் தப்பு இருந்தால் சரிபார்க்க ஆபீசில் இரண்டு பேர் உண்டு. அவர்களால்தான் நான் மேதை.

மச்சினன் முருகேசன் பாலக்கோட்டில் தக்காளி வாங்கித் தரம் பிரித்து அனுப்புகிறவன். போன மழைக்குத் தார்ப்பாய் கிழிந்து, பெட்டி பெட்டியாக அழுகிப்போனது. இந்த வருடம் மழைக்கு முன்னால் ஷெட் நின்றே ஆகவேண்டும்.

"நீங்களே வரைஞ்சு குடுத்துருங்க மாமா" என்றான்.

அளவுகளை ஓர் இன்ஜினியர் நண்பர் போட்டுக் கொடுத்தார். அழகை நான் பார்த்துக்கொண்டேன். 'ப' வடிவ இரும்புச் சேனல்கள் இரண்டை எதிரெதிராக ஒட்டிப் பெட்டி மாதிரி ஆறு தூண்கள், மேலும் கீழும் மூடி. தூணோடு உத்தரம் சேரும் இடத்தில் நாலு நாலு போல்ட். தலை வெளியே, நட் உள்ளே. திரையில் தூணைக் கண்ணாடியாக மாற்றிப் பார்த்தால், நட்டெல்லாம் கடைக் கண்ணாடிப் பெட்டிக்குள் லட்டு மாதிரி ஜொலித்தது. ஏதாவது எதன் மேலாவது இடிக்கிறதா என்று சாப்ட்வேரைக் கேட்டேன். பூஜ்யம் என்றது.

பட்டறைக்கார காதர் பாய் போன் பண்ணினார்.

"சார், உள்ள இருக்கற நட்ட யாரு புடிப்பாங்க?"

"அதெல்லாம் சாப்ட்வேர் செக் பண்ணிருச்சுங்க பாய். நீங்க படத்துல இருக்கறபடி அடிங்க."

அடித்தார். மில்லிமீட்டர் பிசகாமல்.

தூண்களை நிறுத்தியாகிவிட்டது. உத்தரம் ஏற்ற கிரேன் வந்தது. அதற்கு அன்று ஒரு நாள்தான். மறுநாள் ஓசூர் போனால் திரும்ப இரண்டு மாதம் ஆகும். அதற்குள் மழை வந்துவிடும். பூஜைக்கு என் மனைவி செல்வியும் வந்திருந்தாள். முதல் உத்தரம் மேலே போனது. சாரத்தில் நின்ற ஆள் போல்ட்டைச் சொருகினார். தூணை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"பாய், நட்ட எங்கிருந்துங்க மாட்றது?"

என் சாப்ட்வேரில் இரும்பு இருந்தது, போல்ட் இருந்தது, நட் இருந்தது. மனுஷன் கை மட்டும் இல்லை.

'அப்பவே சொன்னேனே' என்று காதர் பாய் சொல்லியிருக்கலாம். அவர் கிரேன்காரரிடம் திரும்பி, "படத்துல ஒரு சின்ன மாத்தம்ப்பா, டீ சாப்ட்டு வா" என்றார். அந்த டீக்கு நான் ஆயுளுக்கும் நன்றி சொல்ல வேண்டும்.

இன்ஜினியரைக் கூப்பிட்டோம். தூணின் பக்கவாட்டில் நாலு விரல் அகலத்துக்குத் துளை போடலாம், அதற்கு மேல் கூடாது, முடிந்ததும் தகடு வைத்து மூடிவிட வேண்டும் என்றார். துளை போட்டு ஓரத்தைத் தேய்த்தார்கள். பட்டறை ஆட்களின் கை மணிக்கட்டைத் தாண்டவில்லை. நான் வீரமாக ஏறினேன். என் கை உள்ளே போனது. வெளியே வரவில்லை.

சொந்தத் தூணில் சொந்தக் கை மாட்டி, பதினைந்தடி உயரத்தில் நின்றேன். கீழே முருகேசன், "மாமா, ஆட்டாதீங்க, தூணு சாஞ்சுரும்" என்றான். செல்வி விளக்குக்குக் கொண்டுவந்த நல்லெண்ணெயைக் கொடுத்தனுப்பினாள். கை வழுக்கி வெளியே வந்தது.

கணக்கு டீச்சர் அவள். துளையைப் பார்த்தாள், தன் கையைப் பார்த்தாள், வளையல்களைக் கழற்றினாள்.

"இதப் புடிங்க."

பாய் ஒரு ஸ்பேனரின் வாலை வெட்டிக் குட்டையாக்கிக் கொடுத்தார். தலையில் ஹெல்மெட், இடுப்பில் பெல்ட்டோடு ஏறினாள். அவள் உள்ளே நட்டைப் பிடிக்க, வெளியே போல்ட்டை முடுக்கினார்கள். இருபத்து நாலு நட். வெயில் சாய்வதற்குள் கிரேன் ஓசூருக்குக் கிளம்பிவிட்டது. முப்பரிமாண நிபுணர் கீழே நின்று கடைசிவரை வளையல் பிடித்துக்கொண்டிருந்தார்.

பத்து நாளில் மழை வந்தது. ஒரு தக்காளி நனையவில்லை. துளைகளை மூடிய ஆறு தகடுகளுக்கும் முருகேசன் 'அக்கா கதவு' என்று பெயர் வைத்திருக்கிறான். ஆயுத பூஜைக்கு அவற்றுக்குத் தனியாகக் குங்குமம் உண்டு. வருகிறவர்கள் எல்லோருக்கும் கதையும் உண்டு.

இப்போது என் கம்ப்யூட்டரில் ஒரு கை இருக்கிறது. மணிக்கட்டு, ஐந்து விரல், எல்லாம் அளந்து செய்தது. படம் அனுப்பும் முன் ஒவ்வொரு போல்ட்டுக்கும் அதைக் கொண்டுபோய் நுழைத்துப் பார்ப்பேன். ஒருமுறை அழிக்க மறந்து அனுப்பிவிட்டேன். செல்வி என்று ஒரு பாகம் இருக்கிறதே, அது எந்த இரும்பு என்று வெளிநாட்டிலிருந்து கேட்டார்கள். அதை நீங்கள் செய்ய வேண்டாம், எங்கள் வீட்டில் இருக்கிறது என்று பதில் போட்டேன்.

வீட்டில் அலமாரி வாங்கினாலும் சரி, குழாய் மாற்றினாலும் சரி, அவள் கேட்பது ஒன்றுதான்.

"ஏங்க, கை போவுமா பாத்தீங்களா?"

(பார்த்தேன். உன் கை போகும். என் கைக்குத்தான் எண்ணெய் வேண்டும்.)