கைதட்டினால் ஈரல்

ஈரல்பையர் என்றொரு இனம் உண்டு. எங்கள் ரொசாரியோ நகரத்துப் பூங்காக்களில் மாலை வேளையில் தாராளமாகத் தென்படும். அக்குளில் மாத்தே என்னும் இலைத்தேநீருக்கான வெந்நீர் ஃபிளாஸ்க், இடுப்பில் வேகவைத்த ஈரல் அடைத்த சின்னப் பை, கண் சதா நாயின் மேல். நாய் புறாவைப் பார்த்தால் இவர் முகம் வாடும், நாய் இவரைப் பார்த்துவிட்டாலோ படாரென்று ஒரு கைதட்டு, கையோடு ஒரு துண்டு ஈரல், அப்படியே எதிரே வருகிறவருக்கு ஒரு சொற்பொழிவு. அதட்டக்கூடாதாம். அடிக்கக்கூடாதாம். கைதட்டினால் தீனி உண்டு என்று நாய்க்குப் புரிந்துவிட்டால், உலகை மறந்து நம்மையே பார்க்குமாம். சரிதான். பெண்டாட்டி சமையலுக்கு இவர் ஒருநாளாவது கைதட்டியிருக்கிறாரா? கேட்டால், "அவளுக்கு எதுக்குங்க, பழகிட்டா" என்பார்.

என் தங்கை கிரிசெல்தாவின் கணவர் ஃபப்ரீசியோ இந்த இனத்தின் தலைமகன். நாயின் பெயர் மோரா. ஞாயிறுதோறும் அப்பா முற்றத்தில் தீ மூட்டி இறைச்சி வாட்டுவார். குடும்பமே கூடும், மோராவைத் தவிர. அதைத் தனியே விட்டுவந்தால் மாப்பிள்ளைக்குத் தொண்டையில் சாப்பாடு இறங்காது. கெஞ்சிக் கூத்தாடி ஒரு ஞாயிற்றுக்கு அனுமதி வாங்கினார்.

"கறிகிட்ட வாய வச்சுதோ, அதோட சரி மாப்ளே. அப்புறம் இந்த வாசப்படிய மிதிக்கக்கூடாது," என்றார் அப்பா.

"மாமா, அது என் மூஞ்சியத் தவிர எதையும் பாக்காது."

பார்க்கவில்லை ஐயா! கொழுப்பு சொட்டுகிறது, புகை மணக்கிறது, எனக்கே எச்சில் ஊறுகிறது. மோரா மட்டும் முனிவர் போல மாப்பிள்ளையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறது. அவருக்குப் பெருமை பிடிபடவில்லை.

கறி மேசைக்கு வந்தது. எங்கள் வழக்கப்படி நான் எழுந்து குரல் கொடுத்தேன். "கறி சுட்ட கைக்கு ஒரு கைதட்டு!"

மேசையே அதிரத் தட்டினோம். அப்பா கூச்சத்தோடு தலைகுனிந்தார். ஆயுளில் அத்தனை கைதட்டைக் கேட்டறியாத மோரா, அத்தனைக்கும் ஈடான தீனி எங்கே என்று சுற்றுமுற்றும் பார்த்தது. இருந்தது, அப்பாவின் தட்டில், முழு விலாவாக. ஒரே பாய்ச்சல். கவ்விய விலாவோடு நேரே மாப்பிள்ளை எதிரில் வந்து, ஒழுக்கமாக உட்கார்ந்து, அவர் முகத்தைப் பார்த்தது.

அவர் என்ன செய்தார் தெரியுமா? பழக்கதோஷம். படாரென்று கைதட்டி, "சமத்து!" என்று ஈரலுக்குப் பையில் கைவிட்டார்.

அப்பா இடுக்கியைக் கீழே வைத்தார்.

"நாய் அடுத்த வாரமும் வரட்டும். சொல்லிக் குடுத்தத ஒழுங்காச் செய்யுது," என்றார். "நீங்க வர வேணாம் மாப்ளே."

கிரிசெல்தா விழுந்து விழுந்து சிரித்துக் கைதட்டினாள். சத்தம் கேட்டதும் மோராவும் ஃபப்ரீசியோவும் ஒன்றாக அவள் பக்கம் திரும்பி, ஒன்றாக அவள் கையைப் பார்த்தார்கள்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். எதற்கும் இன்று சாப்பிட்டு முடித்ததும், சமைத்தவரைப் பார்த்து ஒரு தரம் கைதட்டிப் பாருங்கள். அவர் திடுக்கிட்டால், நீங்களும் எங்கள் மாப்பிள்ளை இனம்தான்.