கடிகாரத்தை மாற்றுவது யார்?

பெரியப்பா மறுபடியும் மூன்று நொடி பிந்திவிட்டார்.

பெரியப்பா என்பது அழுத்தமானி. கார் மோதும்போது விரியும் காற்றுப்பையைச் சோதிக்கும் அந்தக் கூடத்தில், கேமராவுக்கு மாப்பிள்ளை என்றும் அதிர்வுமானிக்குச் சின்னம்மா என்றும் பொறியாளர் பெயர் வைத்திருந்தார். கம்பெனி புதுக் கட்டடத்துக்குப் போய் ஆறு மாதம். சோதனை மேடையைப் பெயர்க்க முடியாததால் அதையும் அவரையும் இங்கேயே விட்டுவிட்டார்கள். பேச்சுத்துணைக்கு உறவுக்காரர்கள் வேண்டாமா?

கருவிகள் எல்லாம் நெட்வொர்க்கில் ஒரே தலைமைக் கடிகாரத்தைப் பார்த்துத்தான் நேரம் வைத்துக்கொள்ளும்; எந்தக் கடிகாரத்துக்குத் தகுதி எண் உயர்வோ அதுதான் தலைமை. ‘இந்த நொடியில் தொடங்கு’ என்று ஒரு கட்டளை போனால் பை விரிய, அதே கணத்தில் மூன்றும் பதிவைத் தொடங்க வேண்டும். மூன்று நொடி பிந்தினால் ரயில் போனபின் கையசைத்த கதைதான்.

மிச்சம் இரண்டே பைகள். அறிக்கை மாலைக்குள் போக வேண்டும்.

கேபிளை மாற்றினார். டப்பென்று பை விரிந்தது. பெரியப்பா சரியாக வந்தார்; மாப்பிள்ளையும் சின்னம்மாவும் எட்டு நொடி முந்திக்கொண்டார்கள்.

“ஒருத்தர் திருந்தினா ரெண்டு பேர் கெட்டுப்போறீங்களே!”

தன் கடிகாரத்தின் தகுதியை ஒரு படி உயர்த்தினார். அரை மணியில் வேறு ஏதோ கடிகாரம் அதற்கும் மேலே ஏறி உட்கார்ந்திருந்தது. இவர் இன்னொரு படி ஏற்றினார். அதுவும் ஏறியது. மேலாளருக்குப் போன் போட்டார்.

“சார், நம்ம நெட்வொர்க்குல வேற யாரோ இருக்காங்க.”

“அந்தக் கட்டடத்துல உங்களைத் தவிர யாரு சார் இருக்கா? ரெண்டு நாள் லீவு போட்டு வீட்ல இருங்களேன்.”

“வேணாம் சார்,” என்றார் அவசரமாக. வீட்டில் இந்த மூன்று பேர்கூட இல்லை.

கடைசி வழியாக, கட்டளை எதுவும் தவறிப்போகக்கூடாது என்று, யார் ‘தொடங்கு’ சொன்னாலும் கேட்கும்படி எல்லாவற்றையும் மாற்றினார். சக்கரம் வைத்த நாற்காலியில் இருந்தபடியே, மிஞ்சிய பையை மேடையில் பொருத்தக் குனிந்தார்.

யாரும் பொத்தானைத் தொடவில்லை. டமால்!

கண்ணாடி ஒரு மூலை, செருப்பு ஒரு மூலை. பொறியாளர் நாற்காலியோடு சுவர்வரை போய் முட்டி நின்றார். அவர் பறந்த அழகை மட்டும் மூன்று கருவிகளும் ஒரு இம்மி பிசகாமல் ஒன்றாகப் பதிவு செய்திருந்தன.

சத்தம் கேட்டுப் பின்வாசல் காவலாளி ஓடிவந்தார். இத்தனை மாதத்தில் இந்தக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்த முதல் மனிதர்.

“அடி பட்டுச்சா சார்? தண்ணி கொண்டாரவா?”

“ஒண்ணுமில்லப்பா. கொஞ்சம் உக்காரு.” பொறியாளர் நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினார். “சொன்னா சிரிப்பே. இந்தக் கட்டடத்துல என்னைத் தவிர யாருமில்ல. ஆனா தினமும் யாரோ என் கடிகாரத்தை மாத்தறாங்க.”

காவலாளி சிரிக்கவில்லை. கண்ணாடியைத் துடைத்து அவர் கையில் கொடுத்தார்.

“பின்பக்க மாடியில ஹெட்லைட் டெஸ்ட் பண்ற மேடமும் ஆறு மாசமா இதையேதான் சார் சொல்லி அழுறாங்க.”