நான் மடித்த வால் குடை

யுத்தத்தில் நான் செய்த வீரச் செயல் துணி மடித்தது. அதைச் சொல்ல வெட்கமில்லை. சொல்லாமல் மறைத்த ஒரு சாயங்காலத்தை நினைத்தால்தான் இன்றைக்கும் சோறு இறங்காது.

சண்டை விமானம் தரையிறங்கியதும் அதன் வாலிலிருந்து ஒரு பாராசூட் விரிந்து வேகத்தைக் குறைக்கும். விமானி அதை ஓடுபாதையிலேயே கழற்றி விட்டுப் போய்விடுவார். அதை எடுத்துவந்து, உதறி, காயவைத்து, மடித்துப் பைக்குள் திணிப்பது என் வேலை. நாங்கள் அதை வால் குடை என்போம். எழுபத்தியொன்றாம் வருட யுத்தம் முழுக்க நான் குடை மடித்தேன். விமானத்தில் பறந்ததே இல்லை (துடைக்க ஏறியதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது).

யுத்தம் முடிந்து லீவில் காரைக்குடி வந்தேன். வீட்டில் எனக்குப் பெண் பார்த்து வைத்திருந்தார்கள். பெண்ணுக்குப் பள்ளத்தூர். அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஒரு சாயங்காலம் எனக்குப் பாராட்டுக் கூட்டம். பெண் வீட்டார் முன்வரிசையில். யூனிஃபாரத்துக்குக் கஞ்சி போட்டு, அதைவிட விறைப்பாக நான் போய் நின்றேன்.

“எங்கள் ஸ்குவாட்ரன், அதாவது எங்கள் விமானப் பிரிவு, பர்மா யுத்தத்தில் பிறந்தது” என்று ஆரம்பித்தேன். அந்த யுத்தத்தின்போது பர்மாவிலிருந்து நடந்தே ஊர் வந்து சேர்ந்தவர்கள் பலர் அங்கே இருந்தார்கள், நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். நம் படைக்கு மேலே வானத்தைக் காப்பதும், எதிரியின் டாங்கிகளைத் தேடி அடிப்பதும் எங்கள் பணி என்றேன். அதுவரை சரி. அதற்குப் பிறகு வாய் என்னைக் கேட்காமலே ஓடியது. “நாங்க மரத்துக்கு மேல ஒரு முழம் விட்டுப் பறந்தோம்” என்றேன் (நாங்களாம்). பெண்ணின் அப்பா தலையாட்டினார். அந்தத் தலையாட்டலுக்காகவே, “போன விமானம் ஒண்ணு விடாமப் பத்திரமாத் திரும்பி வந்துச்சு” என்று முடித்தேன். கைதட்டலில் ஓடு பெயர்ந்துவிடும் போலிருந்தது.

கைதட்டல் அடங்கியபோது பெண்கள் பக்கத்தில் ஓர் ஆச்சி எழுந்து நின்றார். ஐம்பது வயது இருக்கும். கையில் நைந்துபோன ஒரு தந்தி.

“தம்பி, எல்லாரும் வந்துட்டாகளா? எம் மகனும் உங்க ஸ்குவாட்ரன்தான். காணலைன்னு தந்தி குடுத்திருக்காக.”

மகன் பேரைச் சொன்னார். எங்கள் விமானிதான். எங்களிடம் இங்கிலீஷில்தான் பேசுவார். பள்ளத்தூர்க்காரர் என்று எனக்குத் தெரியவே தெரியாது. ஆச்சியின் முகம் மலர்ந்திருந்தது. பாவி, அப்படி மலர வைத்தவன் நான்.

மேடையை விட்டு இறங்கி அவர் முன்னால் போய் நின்றேன்.

“நான் பொய் சொல்லிட்டேன் ஆச்சி. நான் பறக்கலை. குடை மடிக்கிறவன்.” என்ன குடை என்பதையும் சொன்னேன்.

“அப்ப ஒங்களுக்கு ஒண்ணும் தெரியாதா?”

“ஒண்ணு தெரியும் ஆச்சி. அன்னைக்கு அவுக விமானத்துல வச்ச குடையை நான்தான் மடிச்சேன். பொழுது சாயிற வரைக்கும் ஓடுபாதை ஓரத்துல நின்னேன். மத்த குடையெல்லாம் வந்துச்சு. அது மட்டும் வரலை.”

ஆச்சி கையிலிருந்த தந்தியைத் தடவினார். பிறகு கேட்டார்:

“நல்லா மடிச்சீகளா?”

“நல்லா மடிச்சேன் ஆச்சி.”

தந்தியை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு உட்கார்ந்தார். பெண்ணின் அப்பா துண்டை உதறி எழுந்து வெளியே போனார். பெண் போகவில்லை. ஆச்சி பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

அவள்தான் என் மனைவி. இன்றைக்கும் நான் எதையாவது அளக்க ஆரம்பித்தால், “குடை மடிச்சவுக பறக்க ஆரம்பிச்சுட்டாக” என்பாள். வீடே சிரிக்கும், நானும் சிரிப்பேன். காய்ந்த துணியை என்னிடம் மடிக்கக் கொடுத்தால் மட்டும் யாரும் சிரிப்பதில்லை. ஒரு துண்டைக்கூடப் பிரித்துப் பிரித்து மூன்று தரம் மடிப்பேன். “நல்லா மடிச்சீகளா?” என்று ஆச்சி என் காதுக்குள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.