குருவம்மாள் பெயரில் ஒரு ஸ்டிக்கர்

ஆகஸ்டு 4, திங்கள். இன்று ஒரு சிறு தவறு செய்துவிட்டேன். கடைச் சுவரில் இருந்த க்யூஆர் ஸ்டிக்கரை முழுதாக உரித்துப் பத்திரப்படுத்தலாம் என்றுதான் நினைத்தேன். பாதிதான் வந்தது. மீதியைத் தோசைக் கரண்டியால் சுரண்ட வேண்டியதாயிற்று. எடுத்தது சரிதானா என்றும் இப்போது தெரியவில்லை.

டைரியில் இதை எழுதிய சூர்யபிரகாஷ், ராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் ‘சூர்யா நைட்டீஸ்’ கடையின் முதலாளி. விற்பனையாளரும் அவன்தான், கூட்டிப் பெருக்குகிறவனும் அவன்தான். தளவாய்புரத்தில் தைக்கும் நைட்டிகளை மொத்தமாக எடுத்து வந்து சில்லறையில் விற்றான். மில்லில் சூப்பர்வைசரிடம் வாங்கிய ஏச்சு போதும், இனி யாருக்கும் கீழே வேலை பார்ப்பதில்லை என்று சொல்லி, மனைவி பாண்டீஸ்வரியின் சங்கிலியை அடகு வைத்துத் திறந்த கடை அது.

திறப்பு விழாவுக்கு வன்னியம்பட்டியிலிருந்து வந்த மாமியார் குருவம்மாள், கடையை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

“மாப்ள, இத நீங்க ஒத்தையா சமாளிச்சிருவீகளா?”

சமாளித்துவிடுவேன் என்றான். சொன்ன பிறகு சந்தேகம் வந்ததால் மாலை நேரக் கணக்கு வகுப்பில் சேர்ந்தான்.

ஸ்டிக்கரைச் சுரண்டியதற்குக் காரணம், வியாபாரிகளின் வாட்ஸ்அப் குழுவில் வந்த ஒரு குரல் பதிவு. க்யூஆரில் பணம் வாங்குகிற கடைக்கெல்லாம் வரி நோட்டீஸ் வருகிறதாம். எங்கேயோ ஒரு வெங்காய வியாபாரி, நோட்டீஸில் இருந்த தொகையைப் படித்துவிட்டு அப்படியே மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டாராம், இன்னும் எழுந்திருக்கவில்லையாம். வகுப்பில் வரிப் பாடம் இன்னும் ஆரம்பிக்கவில்லை. ஆரம்பிக்கும்வரை காத்திருக்கச் சூர்யபிரகாஷுக்குத் தைரியம் இல்லை. நோட்டீஸ் வந்தால் கடை போகும், கடை போனால் மறுபடி மில். ‘ரொக்கம் மட்டும்’ என்று அட்டையில் எழுதித் தொங்கவிட்டான்.

மறுநாள் ஷிப்ட் முடிந்து வந்த மில் பெண்கள் வழக்கம்போல நைட்டிகளைப் பிரித்துப் பார்த்தார்கள், ஜிப்பை இழுத்துப் பார்த்தார்கள், பிடித்ததை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்கள். பிறகு அட்டையைப் பார்த்தார்கள். எல்லோர் கையிலும் போன் இருந்தது, யாரிடமும் காசு இல்லை. எடுத்ததை வைத்துவிட்டு, துக்க வீட்டில் சொல்லாமல் கிளம்புவதுபோல ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள்.

சிலர் நல்லவர்கள், ஏடிஎம் வரை நடந்து போய் வந்தார்கள். அங்கே ஐந்நூறு ரூபாய்த் தாள்தான் வந்தது. நைட்டியின் விலை முந்நூற்று நாற்பத்தொன்பது. பெரிய கடைகளைப் பார்த்து அவன் வைத்த விலை அது. ஒரு ரூபாய்க்குச் சில்லறை இல்லாததால் ஊக்கு கொடுத்தான். பிறகு ஐம்பது ரூபாய்த் தாளும் தீர்ந்துபோனது. அதற்கும் ஊக்கு கொடுத்தான், அட்டை அட்டையாக.

அந்த வார இறுதியில் செல்லத்தாய் வந்தார். மில்லில் நூல் சுற்றுகிறவர், கடையின் பழைய வாடிக்கையாளர். நீலத்தில் ஒரு நைட்டியை எடுத்து வைத்துக்கொண்டு, ஒரு மஞ்சள் பையை மேசைமேல் கவிழ்த்தார். தன்னுடையதும் தோழிகளுடையதுமாகச் சேர்த்த ஊக்குகள்.

“இதுல கழிச்சுக்கோங்க அண்ணாச்சி.”

ஊக்கைப் பணமாக வாங்க முடியாது என்று சூர்யபிரகாஷ் பொறுமையாக விளக்கினான்.

செல்லத்தாயும் பொறுமையாகவே கேட்டார். “நீங்க குடுக்கையில பணம், நாங்க குடுக்கையில மட்டும் ஊக்கா?”

சூர்யபிரகாஷ் ஊக்குகளை ஒவ்வொன்றாக எண்ணினான். ஊக்கை வாங்கிக்கொண்டு நைட்டியைக் கொடுத்தான். கடையின் முதல் முழு ஊக்கு வியாபாரம் அது.

அடுத்து கார்டு மெஷின் வந்தது. மாத வாடகை தனி, ஒவ்வொரு விற்பனையிலும் அவர்கள் பிடிப்பது தனி. பிடிப்பை ஈடுகட்ட, கார்டுக்கு நூற்றுக்கு இரண்டு ரூபாய் கூடுதல் என்று அட்டையில் ஒரு வரி சேர்த்தான். அதைப் படித்தவர்களில் பாதிப் பேர் வாசலோடு திரும்பினார்கள். உள்ளே வந்தவர்களுக்கு வேறு சிக்கல். அடுக்கி வைத்த நைட்டிகளுக்கு நடுவே மெஷினுக்குச் சிக்னல் கிடைக்கவில்லை. தெருவுக்கு எதிர்ப்பக்கம் இளநீர் வண்டிக்குப் பக்கத்தில்தான் கிடைத்தது.

முதல் நாளே ஒரு அம்மாவிடம் கார்டை வாங்கிக்கொண்டு, சிக்னல் போய்விடப் போகிறதே என்று வேகமாகத் தெருவைக் கடந்தான். அந்த அம்மா பின்னாலேயே கத்திக்கொண்டு ஓடி வந்தார். ஒரு ஆட்டோ குறுக்கே நின்றது. இளநீர்க்காரர் அரிவாளோடு எழுந்தார். தான் கடைக்காரன் என்று புரிய வைப்பதற்குள் சூர்யபிரகாஷின் சட்டையில் இரண்டு பொத்தான் இல்லை. அந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் ஊக்கு உதவியது.

இத்தனைக்கும் பிறகு அந்தக் கார்டுப் பணம் வந்து விழுந்ததாகப் போனில் செய்தி வந்தது. அதே வங்கி, அதே கணக்கு. எந்தக் கணக்கில் பணம் தெரியக் கூடாது என்று ஸ்டிக்கரைச் சுரண்டினானோ, அதே கணக்கு. சூர்யபிரகாஷ் வெங்காய வியாபாரியைப் போலவே உட்கார்ந்துவிட்டான்.

பாண்டீஸ்வரிதான் வழி சொன்னாள். அவளுடைய கணக்கில் எது விழுந்தாலும் அடகு வைத்த சங்கிலியின் கடன் தவணைக்குப் பிடித்துக்கொள்வார்கள். ஆனால் ஸ்ரீவில்லிபுத்தூர் வங்கியில் அம்மாவின் கணக்கு சும்மாதானே கிடக்கிறது? அவர் பெயரில் ஸ்டிக்கர் வாங்கினால் என்ன?

குருவம்மாள் அடுத்த பஸ்ஸிலேயே ஆதார் கார்டோடு வந்து இறங்கினார்.

புது ஸ்டிக்கர் ஒட்டிய அன்றே வியாபாரம் திரும்பியது. பணம் அனுப்புகிறவர்கள் போனில் பெயரைப் பார்த்து, குருவம்மாள் யார் என்று கேட்டார்கள். முதலில் மாமியார், வரி, வெங்காய வியாபாரி என்று முழுக் கதையும் சொன்னான். கூட்டம் கூடியதும், ஓனர் என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொண்டான். அது வசதியாக இருந்தது.

வசதி இல்லாதது ஒன்றுதான். ஒவ்வொரு நைட்டி விற்கும்போதும் பணம் வந்த செய்தியோடு வன்னியம்பட்டியில் குருவம்மாளின் போன் ஒலித்தது. ஒரு மதியம் அவரே கூப்பிட்டார்.

“என்ன மாப்ள, செத்த நேரமா ஒரு சத்தத்தையும் காணோம். கடைல இருக்கீகளா, டீக்கடைல இருக்கீகளா?”

கையில் இருந்த டீயைச் சூர்யபிரகாஷ் ஓசைப்படாமல் கீழே வைத்தான்.

சரக்கு எடுக்கப் பணம் வேண்டுமென்றால் ஸ்ரீவில்லிபுத்தூர் போய் வங்கி வாசலில் அத்தைக்காகக் காத்திருக்க வேண்டும். அவர் வந்ததும் எதற்கு, எம்புட்டு என்று கேட்பார். பிஸ்தா பச்சையில் ஒரு கட்டு விற்காமல் கிடக்கும்போது இன்னொரு கட்டு எதற்கு என்பார். அவர் சொன்னது சரியாகவும் இருந்ததுதான் அவனுக்குத் தாங்கவில்லை. தீபாவளிக்கு முன்னால் தளவாய்புரத் தையல்காரரிடம் அவரே போனில் பேசி விலையைக் குறைத்தார். அந்தத் தையல்காரர் அதன் பிறகு சூர்யபிரகாஷின் போனை எடுப்பதை நிறுத்திவிட்டார். தீபாவளி விற்பனை அமோகம். கடை வைத்த நாளிலிருந்து அப்படி விற்றதில்லை.

நவம்பரில் வகுப்பில் வரிப் பாடம் வந்தது. ஆசிரியர் எட்வின், எவ்வளவு விற்றால் வரிக்குப் பதிவு செய்ய வேண்டும் என்று கரும்பலகையில் எழுதினார். சூர்யபிரகாஷ் தன் வருட விற்பனையைக் கூட்டினான். எங்கோ தப்பு என்று மறுபடி கூட்டினான். தீபாவளியைச் சேர்த்தும் அந்த வரம்பில் பாதிகூட வரவில்லை.

நோட்டோடு போய் நின்றவனை எட்வின் நிமிர்ந்து பார்த்தார். “உன் யாவாரத்துக்கு ஒரு நோட்டீஸும் வராதுப்பா. வர்ற அளவுக்கு வித்தேன்னு வையி, ரொக்கமா வாங்குனாலும் கணக்குல சேரத்தான் செய்யும். ஸ்டிக்கர எதுக்கு எடுத்த?”

ஊக்கும், பொத்தானும், வங்கி வாசலும் எதற்காக என்று அவனுக்கே தெரியவில்லை.

மறுநாள் காலையில் கடை திறந்ததும் முதல் வேலையாக, தன் பெயரில் புது ஸ்டிக்கர் கேட்டுப் போன் செய்தான். ஆள் அனுப்புகிறோம் என்றார்கள். இனி டீ குடிக்கலாம், பிஸ்தா பச்சை எடுக்கலாம், கடை மறுபடி தன் கைக்கு வருகிறது. அந்த நிம்மதியில் ரேக்கைத் துடைத்துக்கொண்டிருந்தபோது தோளில் பையோடு ஒரு இளைஞன் வந்தான். ஜோயல் என்று தன்னை அறிமுகம் செய்துகொண்டு, பெயர்ப் பலகையையும் ரேக்குகளையும் போனில் படம் எடுத்தான். கடைசியாகச் சூர்யபிரகாஷையும் எடுத்தான்.

ஸ்டிக்கர் எங்கே என்று சூர்யபிரகாஷ் கேட்டான்.

தான் ஸ்டிக்கர் ஆள் இல்லை, கடன் கொடுக்கும் கம்பெனி ஆள் என்றான் ஜோயல். இந்த க்யூஆரில் நல்ல வசூல் இருப்பதால் குருவம்மாள் கேட்ட மூன்று லட்சம் கடன் பாஸாகிவிட்டது. ஸ்ரீவில்லிபுத்தூரில் இரண்டாவது கிளை திறக்கப் போகிறார்கள். கடையை நேரில் பார்த்துப் போவதுதான் பாக்கி.

சூர்யபிரகாஷ் நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தான். “தம்பி, இது என் கடை.”

ஜோயல் மரியாதையாகச் சிரித்தான்.

“அம்மா சொன்னாகண்ணே. கடைல நிக்கிறவரு சொந்தக் கடை மாதிரியே பாத்துக்கிருவாருன்னு.”

நவம்பர் 18, செவ்வாய். நாளை செய்ய வேண்டியது: கடை திறக்குமுன் வன்னியம்பட்டி போய், சம்பளம் எவ்வளவு என்று அத்தையிடம் கேட்பது.