எட்டில் பூஜ்யம் மேகம்

இஸ்திரி போட்ட சட்டை நனையக் கூடாது என்பதற்காக ஒரு விமானத்தையே வீணாகப் பறக்க விட்டவன் நான்.

எழுபதுகளின் தொடக்கம். விமானத்திலிருந்து நிலத்தைப் படம் எடுத்து வரைபடம் தயாரிக்கும் அலுவலகம் ஒன்றில், தாம்பரத்தில், எனக்குத் தற்காலிக வேலை. காலையில் பச்சைமலை ஏறி, நாலு திசையும் பார்த்து, வானத்தை எட்டுப் பங்காக வைத்து அதில் எத்தனை பங்கு மேகம் என்று இறங்கி வந்து விமானதளத்துக்குப் போனில் சொல்ல வேண்டும். (படித்தது பி.எஸ்சி. பார்த்தது மேகம் எண்ணும் வேலை.) விமானம் மேகத்துக்கும் மேலே பறக்கும். நடுவில் மேகம் வந்தால் கேமராவுக்கு ஊர் தெரியாது, வெள்ளைதான் தெரியும். ஒரு பங்கைத் தாண்டினால் விமானம் கிளம்பாது.

அன்று சேலையூரிலிருந்து ஜேக்கப் சார் வந்திருந்தார். பள்ளி ஆசிரியர். மகள் கிரேஸை எனக்குக் கொடுப்பதற்கு முன், நான் வேலை பார்க்கும் லட்சணத்தை நேரில் பார்க்க வேண்டுமாம். மலை ஏறினால் வேர்த்துக் கொட்டி இஸ்திரிச் சட்டை நனைந்துவிடும். அலுவலக மொட்டை மாடியிலேயே நின்று அண்ணாந்து பார்த்தேன். தலைக்கு மேல் சுத்தமான நீலம். சுற்றிலும் தென்னையும் தண்ணீர்த் தொட்டியும் மறைத்தன. மாடி அறைப் போனில் மிடுக்காகச் சொன்னேன்.

"எட்டில் பூஜ்யம், சார்!"

விமானம் கிளம்பும் சத்தம் கேட்டது. ஜேக்கப் சார் தொட்டியைச் சுற்றிப் போய் எட்டிப் பார்த்தார்.

"தம்பி, படப்பை பக்கம் வெள்ளையா ஏதோ தெரியுதே?"

"செங்கல் சூளைப் புகை, சார்."

"ரொம்பப் பெரிய சூளையோ? வண்டலூர் வரைக்கும் வந்துடுச்சே."

இப்போது ஒரு போன் போட்டால் விமானத்தைத் திருப்பிவிடலாம். ஆனால் இவர் முன்னால் எந்த முகத்தோடு "தப்பாகச் சொல்லிவிட்டேன்" என்பது? ரிசீவரை எடுத்தேன், வைத்தேன், மறுபடி எடுத்தேன். மேலே விமானச் சத்தம் தேய்ந்துகொண்டே போனது.

"யாருக்காவது போன் பண்ணணுமா, தம்பி?"

"இல்ல சார், தூசி தட்டினேன்."

அடுத்த வாரம் அதிகாரி மேஜை நிறையப் படங்களைப் பரப்பினார். படப்பையிலிருந்து காட்டாங்குளத்தூர் வரை ஒரே இலவம்பஞ்சு. ஒரு படத்தில் மட்டும் மேகத்தில் ஓர் ஓட்டை. அதற்குள் எங்கள் அலுவலகம், தண்ணீர்த் தொட்டியோடு துல்லியமாக.

"உங்க ரிப்போர்ட்ல தப்பே இல்ல, மிஸ்டர்," என்றார். "நம்ம மொட்டை மாடிக்கு ரொம்ப கரெக்ட்."

அந்த மாதம் வர வேண்டிய நிரந்தர வேலை உத்தரவு ஒரு வருஷம் தள்ளிப்போனது. உத்தரவைப் பார்த்த பிறகுதான் கல்யாணம் என்று ஜேக்கப் சாரும் சொல்லிவிட்டார். அந்த ஒரு வருஷத்தை கிரேஸ் இன்னும் மன்னிக்கவில்லை.

இப்போதும் ஊருக்குக் கிளம்பும்போது "எல்லாக் கதவும் பூட்டியாச்சு" என்று நான் சொன்னால், பேரப்பிள்ளைகள் முன்னாலேயே கேட்கிறாள்:

"வீடு முழுக்கவா, இல்ல நீங்க நிக்கிற இடம் மட்டுமா?"

கேட்டுவிட்டு, அவளே போய் ஒவ்வொரு கதவாக இழுத்துப் பார்த்துவிட்டு வருகிறாள்.