பிள்ளையாருக்கு வைத்த பி.டி.எஃப்.

மகன் ஆனந்தகிருஷ்ணனின் கல்யாணப் பத்திரிகையில் மகள் ஜானவியின் பெயர் வரக் கூடாது என்று சேஷன் முடிவு கட்டினார். கட்டியதோடு நிற்கவில்லை. அந்த முடிவுக்கு ஒரு பூட்டும் போட்டார். பூட்டின் பெயர் பி.டி.எஃப்.

ஜானவி இரண்டு வருஷத்துக்கு முன் பாறசாலைக் கிறிஸ்தவர் அருமைநாயகத்தின் மகன் லிஜோவை ரிஜிஸ்டர் கல்யாணம் செய்துகொண்டு போனவள். எனக்குப் பெண்ணே கிடையாது என்று அன்று கரமனை அக்ரஹாரம் முழுக்கக் கேட்கும்படி சேஷன் சொல்லிவிட்டார். செகரட்டேரியட்டில் கோப்பில் எழுதியதையே திருத்தாத மனிதர், வாயால் சொன்னதைத் திருத்துவாரா? ஒருநாள் சாலைக் கடைத்தெருவில் மகள் எதிரே வந்தாள். இவர் சட்டென்று குடையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். மழையும் இல்லை, வெயிலும் இல்லை. அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை. மனைவி வாலாம்பாள் காரணம் கேட்கவில்லை. கல்யாணம் கார்த்திகை என்று அவள் எங்கும் போவதை நிறுத்தியே இரண்டு வருஷம் ஆகிறது. போனால் பெண் எங்கே என்று கேட்பார்களே.

ரிட்டயரான மனிதர் கையில் கம்ப்யூட்டர் கிடைத்தால் வீடு என்ன ஆகும்? ஏதோ கம்ப்யூட்டர் மாத இதழோடு வந்த இலவச சி.டி.யை அதில் போட்டார். எதையும் பி.டி.எஃப். ஆக்கித் தரும் சாஃப்ட்வேர் உள்ளே இருந்தது. காலணா செலவில்லை. பால் கணக்கு, திதி விவரம், சாம்பார் பொடிக்கு மல்லி எவ்வளவு என்பது வரை எல்லாம் பி.டி.எஃப். ஆயின. ஆத்தில் இன்னும் பி.டி.எஃப். ஆகாதது தான் ஒருத்திதான் என்றாள் வாலாம்பாள்.

கேட்க ஆள் வேண்டுமே என்று அவளையே பக்கத்தில் உட்கார வைத்துப் பாடம் எடுத்தார். தமிழ் எழுத்தை அப்படியே அனுப்பினால் பம்பாய் உறவுக்காரர்களுக்குக் கட்டம் கட்டமாகத்தான் தெரியும், பி.டி.எஃப். ஆக்கினால் அச்சு அசலாகத் தெரியும் என்றார். மூலத்தை அடிப்பது, பிரிண்ட் கொடுப்பது, பெயர் போட்டுச் சேமிப்பது எல்லாம் செய்து காட்டினார். அவள் பயறு பொறுக்கிக்கொண்டே உம் கொட்டினாள்.

பத்திரிகையையும் அவரே அடித்தார். ‘தங்கள் நல்வரவை விரும்பும்’ என்ற வரிக்குக் கீழே ஒன்றுவிட்ட சித்தப்பா வரைக்கும் இருந்தார்கள். மாப்பிள்ளையின் கூடப்பிறந்தவள் இல்லை.

“இனி மாத்தணும்னா?” என்று கேட்டாள் வாலாம்பாள்.

“பிரம்மா வந்தாலும் முடியாது. பி.டி.எஃப். ஆயாச்சு.”

“அப்போ மூலத்தைத் திருத்தித்தான் புதுசாப் பண்ணணும், இல்லையோ?”

பரவாயில்லை, பாடம் ஏறியிருக்கிறது என்று சேஷன் பெருமைப்பட்டார்.

அந்த வீட்டில் முதல் பத்திரிகை பழவங்காடிப் பிள்ளையாருக்கு. அவர் காலடியில் வைத்துத் தேங்காய் உடைத்த பிறகு அதில் ஒரு புள்ளியைக்கூட மாற்றக் கூடாது என்பது வழக்கம். மறுநாள் காலை சேஷன் குளித்து, ஜபம் முடித்து வந்தபோது எல்லாம் தயாராக இருந்தது. வாலாம்பாள் பத்திரிகையைப் பிரிண்ட் எடுத்து, நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, மடித்து, வெற்றிலை பாக்கோடு தட்டில் வைத்திருந்தாள். பக்கத்தில் ஃப்ளாப்பி. அதற்கும் ஒரு குங்குமப் பொட்டு.

பழவங்காடியில் தேங்காய் சுக்குநூறாக உடைந்தது. திரும்பும் வழியில் பிரௌசிங் சென்டருக்குப் போய், ஃப்ளாப்பியிலிருந்ததை உறவுக்காரர்கள் எல்லோருக்கும் அனுப்பினார். திறந்து பார்க்கவில்லை. தானே பூட்டிய பெட்டியை எவன் திறந்து பார்ப்பான்?

சாயங்காலம் டெலிபோன் அடித்தது. சேஷன்தான் எடுத்தார்.

“அப்பா, நான் ஜானு.”

முகத்தை மறைக்கக் கையில் குடை இல்லை.

“சீதாலக்ஷ்மி அத்தை பம்பாயிலேர்ந்து பத்திரிகையை அனுப்பினா. எங்க ரெண்டு பேர் பேரையும் முதல்லயே போட்டிருக்கேளே அப்பா. நிஜமா நீங்கதான் அனுப்பினேளா?”

அப்புறம் அழுகைதான் கேட்டது.

சேஷன் ரிசீவரைப் பொத்திக்கொண்டு திரும்பினார். வாலாம்பாள் கதவருகே நின்றிருந்தாள். அவர் குளிக்கப் போன நேரத்தில், மகள் பெயரையும் மருமகன் பெயரையும் ஒற்றை விரலால் தேடித் தேடி மூலத்தில் அடித்து, புதுசாக பி.டி.எஃப். ஆக்கி ஃப்ளாப்பியில் ஏற்றியவள் அவள்தான். முந்தானை நுனி அவள் கையில் கசங்கிக்கொண்டிருந்தது.

“மாத்தி அனுப்பிடுவேன்” என்றார் அவளிடம். குரலில் வலு இல்லை.

“பிள்ளையார் பார்த்தாச்சு. தேங்காய் உடைச்சது நீங்களாக்கும். இனி உங்க இஷ்டம்.” அவளுக்கும் கண் நிறைந்துவிட்டது.

சேஷன் ரிசீவரிலிருந்து கையை எடுத்தார்.

“ஆமாம்மா. நான்தான் அனுப்பினேன். ரெண்டு பேரும் முன்னாடியே வந்துடுங்கோ.”

இத்தனை நாள் விழுங்கி வைத்ததெல்லாம் ஒரேயடியாக அழுகையாய் வந்தது. பக்கத்து வீட்டுக்குக் கேட்குமே என்றுகூட அவர் பார்க்கவில்லை. வாலாம்பாள்தான் ரிசீவரை வாங்கி வைத்தாள்.

வெகு நேரம் கழித்து மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மிச்சமிருந்த கௌரவத்தைக் கொஞ்சம் திரட்டிக்கொண்டார்.

“எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமோல்லியோ?”

“கேட்டா மாட்டேன்னுடுவேள்” என்றாள் வாலாம்பாள். “வாயைத் திறந்து ஒண்ணு சொல்லிட்டா, நீங்களும் பி.டி.எஃப்.தானே.”